பின் ரிம் எவ்வளவு அகலம் இருக்கணும்? பழைய பைக்கை 'ட்ரையல்ஸ்' ஆக மாற்றுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டி கடப்பாக்கம் வரை போனால், சாலைக்கு ஒரு பக்கம் கடல், மணல். இன்னொரு பக்கம் உப்பளம், ஏரிக்கரை, கருவேலங்காடு. பழைய புல்லட்டோ 150 சிசி பைக்கோ கையில் இருப்பவருக்கு, இதை 'ட்ரையல்ஸ்' பைக்காக மாற்றினால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். சைலன்சர் மேலே ஏறும், சீட் சின்னதாகும், மட்கார்டு தூக்கலாகும். அடுத்து வருவது பின் சக்கரம். "பெருசா ஒரு ரிம் போட்டுடலாம், கிரிப் கிடைக்கும்" என்று ஒருவர் சொல்வார். காசு வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ட்ரையல்ஸ் என்றால் என்ன?

இது ரேஸ் இல்லை. வேகத்துக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. பாறை, சேறு, ஓடை, வேர் நிறைந்த ஒரு குறுகிய பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை கால் வைத்தால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை என்றாலும் 3. பைக் நின்றாலோ பாதையை விட்டு வெளியேறினாலோ 5. கடைசியில் குறைந்த புள்ளி வைத்திருப்பவர் ஜெயிப்பார்.

இதில் நம்ம ஊர் பைக்குக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. 1955 முதல் சென்னையில் தயாராகி வரும் புல்லட், அதற்கு முன்பே இங்கிலாந்தில் ட்ரையல்ஸ் களத்தில் இறங்கிய வண்டி. அதை ஓட்டிய ஜானி பிரிட்டன், ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஆறு நாள் ட்ரையல்ஸை 1952-லும் 1957-லும் வென்றார். அவர் நினைவாகத்தான் ராயல் என்ஃபீல்டு 2019-ல் 'புல்லட் ட்ரையல்ஸ்' என்ற மாடலை இந்தியாவில் இறக்கியது. பின்னால் 18 இன்ச், முன்னால் 19 இன்ச் சக்கரம். பிஎஸ்6 விதி வந்தபோது அது நின்றுபோனது. இன்று வீட்டிலேயே அதுபோல ஒன்றைச் செய்து பார்க்க நினைப்பவர்களில் பலருக்கு அந்த மாடல்தான் முன்மாதிரி.

சரி, எந்த அளவு?

போட்டிக்கென்றே தயாராகும் மான்டேசா, பீட்டா போன்ற ட்ரையல்ஸ் பைக்குகளின் பின் ரிம்மைப் பார்த்தால் ஒரே எண்தான் இருக்கும்: 2.15×18. அதாவது விட்டம் 18 இன்ச், அகலம் 2.15 இன்ச், சுமார் 55 மில்லிமீட்டர். அதன் மேல் 4.00-18 அளவு டயர். முன்னால் 1.60×21 ரிம், 2.75-21 டயர்.

"அவ்வளவு ஒல்லியா?" என்று கேட்பவர்களுக்கு இன்னொரு ஒப்பீடு. கேடிஎம் டியூக் 390-இன் பின் ரிம் 4 இன்ச் அகலம், டயர் 150. அதே கம்பெனியின் காட்டுப்பாதை வண்டியான இஎக்ஸ்சி-யில் பின் டயர் 140, ஆனால் ரிம் வெறும் 2.15. டயர் கிட்டத்தட்ட அதே அகலம், ரிம் மட்டும் பாதி. காரணம், இரண்டுக்கும் வேலை வேறு. ரோட்டில் வளைவில் சாயும்போது டயரின் பக்கச்சுவர் விறைப்பாக நிற்க வேண்டும், அதனால் அகல ரிம். பாறையில் டயர் மடங்கி, கல்லைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பக்கச்சுவர் பலூன் மாதிரி வெளியே உப்பி நிற்கணும், ரிம் உள்ளே ஒடுங்கி இருக்கணும்.

காற்றழுத்தத்தைப் பார்த்தால் இது இன்னும் புரியும். சாதாரண பைக்கின் பின் டயரில் 30 பிஎஸ்ஐ அளவில் காற்று அடிப்போம். ட்ரையல்ஸ் போட்டியில் பின் டயருக்கு 4 முதல் 5 பிஎஸ்ஐ தான்! விரலால் அழுத்தினால் அமுங்கும். இந்த நிலையில் ரிம் ரொம்ப அகலமாக இருந்தால் பக்கச்சுவர் இழுபட்டு, டயரின் முகம் தட்டையாகி, ஓரம் சதுரமாகிவிடும். கல்லைச் சுற்றிப் பிடிக்க ரப்பர் மிச்சம் இருக்காது. அதோடு ரிம்மின் ஓரம் வெளியே தெரியும், முதல் பாறையிலேயே நசுங்கும். ரொம்பக் குறுகலாக இருந்தால் எதிர்ப்பிரச்சினை: டயர் உருண்டையாகி, குறைந்த காற்றில் இடமும் வலமும் ஆடும், விளிம்பு ரிம்மை விட்டு நழுவும்.

நம்ம பைக்குகளில் வரும் 1.60 ரிம்மில் 4.00 டயரைத் திணிப்பது வேண்டாம். 1.85-ல் ஏற்றி ஓட்டுபவர்கள் உண்டு, நிதானமாகப் பழகுவதற்கு ஓடும். ஆனால் புதிதாக ரிம் வாங்குவதென்றால் 2.15 தான் சரியான இடம். 2.50-க்குப் போவதால் கிடைப்பது என்ன? ரிம் அகலம் கூடுவதில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் டயரின் அகலத்தில் தெரியும். 2.15-லிருந்து 2.50 என்றால் ரிம் 9 மி.மீ. கூடும், டயர் மூன்றரை மி.மீ. தான் விரியும். பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்காகச் செயினும் ஸ்விங் ஆர்மும் உரசுகிறதா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டுமா?

கடையில் நின்று அளக்கும்போது

ரிம்மின் வெளிப்பக்கத்தை டேப் வைத்து அளக்காதீங்க, அது கூடுதலாகக் காட்டும். அகலம் என்பது இரண்டு உதடுகளுக்கும் உள்ளே, டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் உள்ள தூரம். ரிம்மிலேயே எண் பொறித்திருக்கும். பழைய பிரிட்டிஷ் வகையில் டபிள்யூஎம்2 என்றால் 1.85, டபிள்யூஎம்3 என்றால் 2.15. எம்டி என்று இருந்தால், டயரின் விளிம்பு நழுவாமல் தடுக்கும் சிறு மேடு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். குறைந்த காற்றில் ஓட்டுபவருக்கு அது பெரிய உதவி.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. அதில் முன்னும் பின்னும் 19 இன்ச். இன்றைய ட்ரையல்ஸ் பின் டயர்கள் பெரும்பாலும் 18-க்குத்தான் வருகின்றன. ஆகவே விட்டத்தையும் மாற்ற வேண்டிவரும், ஸ்போக் கம்பியின் நீளமும் மாறும். ஹப்பில் உள்ள துளைகளை எண்ணிவிட்டுப் போங்க. 36 துளையும் உண்டு, 40 துளையும் உண்டு. எண்ணாமல் புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ போனால் இரண்டு நடை ஆகும்.

ட்யூப் போட்ட சக்கரம் என்றால் 'ரிம் லாக்' கட்டாயம். இல்லாவிட்டால் காற்றைக் குறைத்து ஆக்சிலரேட்டரைத் திருப்பும்போது டயர் மட்டும் ரிம்மில் சுற்றும், வால்வு பிய்ந்துவிடும்.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக்காற்றில் குரோம் பூசிய இரும்பு ரிம் உள்பக்கத்திலிருந்து துருப்பிடிக்கும், ட்யூபைக் கழற்றும் வரை வெளியே தெரியாது. அலுமினிய ரிம் எடை குறைவு, இந்த ஊருக்கும் அதுதான் ஏற்றது. ஆனால் ஸ்போக்கின் நிப்பிள் அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்ளும். கோர்க்கும்போதே கிரீஸ் தடவுங்க, ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்க.

ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. 5 பிஎஸ்ஐ காற்றோடு ஈசிஆரில் ஏறுவது உயிரோடு விளையாடுவது. டயர் சூடேறும், வளைவில் ரிம்மை விட்டுக் கழன்று வரும். பஸ்ஸும் லாரியும் பறக்கும் சாலை அது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

அதனால் ஒரிஜினல் சக்கரத்தைத் தூக்கிப் போடாதீங்க. ரோட்டுக்கு அது, ட்ரையல்ஸுக்குத் தனி சக்கரம். முழுசாக மாற்றிய வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போவதே நல்லது. ஓட்டும் இடம் உரிமையாளர் அனுமதித்த தனியார் நிலமாக இருக்கட்டும். ஆலம்பரைக் கோட்டைச் சுவர்கள் 18-ஆம் நூற்றாண்டு செங்கல், அவை ஏறிப் பார்க்கும் பாறை இல்லை. கடற்கரை மணலும் வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை இது, புதைந்த முட்டை மேலே இருந்து பார்த்தால் தெரியாது.