பவளத் தொட்டி: நீரின் தரமும் நாற்றமும்

உயிருள்ள பவளங்களையும் அவற்றோடு சேர்ந்து வாழும் மீன், நத்தை, இறால், துறவி நண்டு போன்றவற்றையும் உப்புநீரில் வைத்து வளர்க்கும் வீட்டுத் தொட்டியே பவளத் தொட்டி. தங்கமீன் தொட்டியில் பொறுத்துப்போகும் பல கோளாறுகளைப் பவளம் பொறுக்காது. தெளிந்த நீர் நல்ல நீர் என்று நினைத்துவிடுவதும் இதில் ஆபத்து. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கோளாறு தொடங்கிவிட்டதைப் பல வேளைகளில் சோதனைக் குப்பிக்கு முன்பே மூக்கு சொல்லிவிடும்.

நல்ல நிலையிலுள்ள தொட்டி மணமே இல்லாமல் இருப்பதில்லை. மூடியைத் திறந்தால் மெல்லிய கடல்வாடை வரும். பவளத் திசுவுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகள் உண்டாக்கும் ஒரு சேர்மத்திலிருந்து பிறக்கும் டைமெத்தில் சல்ஃபைடுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. பவளத்தை நீருக்கு வெளியே எடுத்தால் வாடை கடுமையாகும். தோல்பவளங்களை வெட்டிப் பதியம் போடும்போது அறையே நாறும். இவை கோளாறுகள் அல்ல.

அளவுகளைப் பொறுத்தவரை, உப்புத்தன்மை ஆயிரத்தில் 35 பங்கு, வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியஸ், பி.எச். 8.0 முதல் 8.4, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் என்பவை பொதுவாக ஏற்கப்பட்டவை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படவே கூடாது. நைட்ரேட் சிறிதளவு இருக்கலாம். முற்றிலும் இல்லாமல் போனாலும் பவளம் வெளிறும்.

அழுகிய முட்டை நாற்றம்

வளர்ப்போரை மிகவும் மிரட்டுவது இதுதான். மிரள்வதில் நியாயமும் உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. ஆற்றுநீரில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். ஆக்சிஜன் எட்டாத மூலையில் சில பாக்டீரியாக்கள் இந்தச் சல்ஃபேட்டையே சுவாசத்துக்குப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு இதை உணர்ந்துவிடும். மிகக் குறைந்த அளவுகூட மீனுக்கு நஞ்சு.

ஆகவே தேட வேண்டியது நீர் ஓடாத இடத்தை. ஆழமாகக் கொட்டிய மணலின் அடியில், கண்ணாடியோரம் கருங்கோடுகள் தெரிந்தால் அவை இரும்பு சல்ஃபைடு. அந்த மணலை ஒரே மூச்சில் கிளறுவது பெருந்தவறு. அடங்கிக் கிடந்த நஞ்சு முழுதும் ஒரேயடியாக மேலே வந்துவிடும். ஒவ்வொரு நீர்மாற்றத்தின்போதும் ஒரு சிறு பகுதியை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுப்பதே பாதுகாப்பு. பாறைகளை மணலில் நட்டுவைத்த இடம், முதன்மைத் தொட்டிக்கு அடியில் வைக்கும் கீழ்த்தொட்டியில் கசடு படிந்த அறை, நீரோட்டம் அளவுக்கு மீறிக் குறைந்துபோன நைட்ரேட் நீக்கும் ரியாக்டர் ஆகியவையும் சந்தேகத்துக்குரியவை.

மின்வெட்டு தனிச் சிக்கல். பம்பு நின்றதும், மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் உள்ள பாக்டீரியாக்கள் எஞ்சிய ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. சில மணி நேரம் கழித்து மின்சாரம் வந்து ஃபில்டர் தானாக ஓடத் தொடங்கினால், உள்ளே கெட்டுக்கிடந்த நீர் அப்படியே தொட்டியில் இறங்கும். நீண்ட மின்வெட்டுக்குப் பின் ஃபில்டரைக் கழற்றி, அந்த நீரைக் கீழே கொட்டிவிட்டு, பஞ்சை உப்புநீரில் அலசிய பிறகே ஓட்ட வேண்டும். மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறு காற்றுப் பம்பு வாங்கி வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு பவளத்தின் விலைகூட வராது.

நாற்றம் தொட்டி முழுதும் பரவிவிட்டால், முதலில் நீர்ப்பரப்பை நன்றாகக் கலக்கிக் காற்றோட்டம் தர வேண்டும். ஆக்சிஜன் மிகுந்த நீரில் சல்ஃபைடு சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். புதிய ஆக்டிவேட்டட் கார்பன் உதவும். பாஸ்பேட் நீக்கப் பயன்படும் இரும்பு ஆக்சைடு மணிகளும் சல்ஃபைடைப் பிடித்துக்கொள்ளும். பி.எச். குறையாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்: எட்டுக்கு மேல் சல்ஃபைடில் சிறுபங்கே நச்சுவாயு வடிவில் இருக்கும், பி.எச். இறங்க இறங்க அந்தப் பங்கு கூடும்.

கவிச்சியும் பிண நாற்றமும்

செத்த உயிர்கள் அழுகும்போது பிறக்கும் அம்மோனியாவின் போக்கு சல்ஃபைடுக்கு நேர்மாறு. பி.எச். 7இல் மொத்த அம்மோனியாவில் சுமார் அரை விழுக்காடே நச்சு வடிவில் இருக்கும், 8.2இல், 25 பாகை வெப்பத்தில், அது ஏறத்தாழ 7 விழுக்காடு. நன்னீர்த் தொட்டியில் சமாளிக்கக்கூடிய அளவு பவளத் தொட்டியில் கொல்லும்.

கவிச்சி திடீரென்று ஏறினால் முதலில் உயிர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பாறை இடுக்கில் செத்த மீன், ஓட்டுக்குள் செத்த நத்தை, நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் அருகே சுருண்டு கரையும் அனிமோன் இவையே வழக்கமான காரணங்கள். அசையாத நத்தையை எடுத்து முகர்ந்தாலே உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதற்கு வேறு சோதனை தேவையில்லை. பிணத்தை அகற்றிய பின், உப்பும் வெப்பமும் சமமாக்கிய புதுநீரால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை மாற்றலாம். பாதி நீரை மாற்றினால் அம்மோனியாவும் பாதியாகும். எந்தப் புட்டி மருந்தையும்விட நம்பகமான கணக்கு இது. அம்மோனியாவைக் கட்டும் மருந்தை ஊற்றியவர்கள், அதன்பிறகும் சோதனையில் நிறம் தெரிவதைக் கண்டு மீண்டும் மீண்டும் ஊற்றுகிறார்கள். வழக்கமான கிட்டுகள் கட்டுண்ட அம்மோனியாவையும் சேர்த்தே காட்டுகின்றன.

புதிதாக வாங்கிய உயிர்ப்பாறையும் (கடலுயிர்கள் குடியிருக்கும் பாறை) நாறும். வழியில் செத்த கடற்பஞ்சுகளும் புழுக்களும் அழுகுவதே காரணம். வேறு தொட்டியில் நீரோட்டத்தோடு சில வாரம் ஊறவைத்து, அம்மோனியா மறைந்து கடல்வாடை வந்த பின்பே சேர்க்க வேண்டும். உயிர்ப்பாறையே நீரைச் சுத்திகரிக்கும் என்பதை ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் எழுதி உலகுக்குக் காட்டினார். ஆனால் அழுகும் பாறை எதையும் சுத்திகரிப்பதில்லை.

சிறு வாடைகளும் நீரின் மூலமும்

தொட்டி நீர் நல்ல வாடையோடு இருக்க, தொட்டிக்குக் கீழுள்ள அலமாரி மட்டும் நாறினால் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழுவினால் போதும். பஞ்சுப் பைகளை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செம்பழுப்புப் படலமாய் மணலை மூடும் நீலப்பச்சைப் பாசி சேற்று வாடை தரும். உறிஞ்சி எடுத்து நீரோட்டத்தைக் கூட்டுவது மருந்தைவிட மேல். புதுத் தொட்டியில் காடி வாடை வந்தால் சிலிக்கோன் பசை இன்னும் உலரவில்லை. நீர் மஞ்சளிப்பதற்குக் கார்பன் போடலாம், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே நாளில் நீர் தெளிந்தால் ஒளி திடீரெனக் கூடிப் பவளம் வெந்துவிடும்.

குழாய்நீரில் குளோரினோ குளோரமினோ இருக்கலாம், பழைய குழாய் வழியே செம்பும் வரலாம். செம்பு முதுகெலும்பிலிகளுக்குக் கொடிய நஞ்சு. எனவே ஆர்.ஓ. சுத்திகரிப்போடு அயனி நீக்கியும் பொருத்தி, கரைபொருள் அளவி சுழியம் காட்டும் நீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும். ஆவியாகிக் குறைந்ததை நன்னீரால் நிரப்புவதே முறை, உப்புநீரால் அல்ல. ஏ.சி. போட்டு மூடிய அறையில் கரியமில வாயு தேங்கிப் பி.எச். இறங்குவது உண்டு. ஒரு குவளை தொட்டிநீரைத் திறந்தவெளியில் வைத்து ஒரு மணி நேரம் காற்று ஊதிச் சோதித்தால், பழி அறையினுடையதா நீரினுடையதா என்று புரியும்.

இந்தியாவில் பாறைகட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளத் துண்டையோ உயிர்ப்பாறையையோ எடுத்துவந்து தொட்டியில் போடுவது குற்றம்.

கெட்டுப்போன தொட்டியைக் கலைப்பவர்கள் நாற்றம் போக்கப் பாறைகளைக் கொதிக்க வைக்கக் கூடாது. அவற்றில் ஒட்டியிருக்கும் பாலித்தோவா வகைப் பவளங்களிலுள்ள பாலிடாக்சின் ஆவியோடு கிளம்பி மூச்சுக்குழலைத் தாக்கும். வீடு முழுவதும் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பாறையைச் சுரண்டாமல், வெளியில் ஒரு வாளியில் பிளீச் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி வெயிலில் பல நாள் உலர்த்தினால் போதும்.