சாரைப்பாம்புக்கும் சட்டம் இருக்கு

போன வாரம் வைக்கோல் போரைப் பிரிக்கும்போது ஆறடி நீளத்துக்கு ஒரு சாரை வந்துச்சு. பக்கத்து வீட்டுப் பையன் கடப்பாரையைத் தூக்கிட்டு ஓடி வந்தான். "அடிக்காதடா, எலியைப் புடிச்சு நமக்கு நெல்லை மிச்சம் பண்ற ஆளு அது. அடிச்சா கேஸும் ஆகும்"னு சொன்னேன். "பாம்புக்கு எதுக்குப் பெரியப்பா கேஸு?"ன்னு சிரிச்சான். அவனுக்குச் சொன்ன கதைதான் இது.

வெள்ளைக்காரன் காலத்துல, 1912-ல, காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் ஒரு சட்டம் வந்தது. வேட்டையாடுற மான், பறவை மாதிரியானதுங்க மேலதான் அதுல அக்கறை. பாம்பையும் தவளையையும் யாரும் நினைச்சுப் பார்க்கலை.

அப்புறம் தோல் வியாபாரம் பெருத்துச்சு. சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு, உடும்புன்னு எல்லாத்தையும் உரிச்சு, பதனிட்டு, வெளிநாட்டுக்கு அனுப்பினாங்க. அங்கே கைப்பை, பெல்ட், செருப்புன்னு ஆச்சு. செங்கல்பட்டுப் பக்கம் பாம்பு புடிச்சுக் கொடுத்தவங்க இருளர்கள். மண்ணுல தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லிடுவாங்க. ஆனா லாபம் போனது வியாபாரிங்க கைக்கு. இவங்களுக்குக் கிடைச்சது சொற்பக் காசு.

1972-ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டாங்க. பாம்புக்கு அது நல்லதுதான். ஆனா இருளர் வீட்டு அடுப்பு? பரம்பரையாத் தெரிஞ்ச தொழில் ஒரே நாள்ல குத்தமாயிடுச்சு. சட்டம் போட்டவங்க அதுக்கு வழி சொல்லலை.

வழி 1978-ல பொறந்தது. மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேக்கர் இதுக்குப் பெரிய துணை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு வகையை அரசு அனுமதியோட புடிச்சு, விஷத்தை எடுத்துட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டுடுவாங்க. அந்த விஷத்துலதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகுது. வயல்ல கடிபட்டுப் பிழைச்சவங்க பலரோட உயிர்ல இவங்க உழைப்பும் இருக்கு. 2023-ல மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது.

தவளை கதையும் இதே மாதிரிதான். மழை ராத்திரியில விளக்கு வெளிச்சத்தைக் காட்டினா பெரிய வயல் தவளை அசையாம உட்கார்ந்துக்கும். சாக்குல அள்ளிட்டுப் போய், காலை மட்டும் வெட்டி, ஐஸ்ல வச்சு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினாங்க. தவளை தின்னுக்கிட்டிருந்த பூச்சிக்கு நாம மருந்து வாங்கி அடிக்க வேண்டியதாச்சு. தவளைக்கால் வித்து வர்ற டாலரைப் பூச்சிமருந்துக்குக் கொட்டினா என்ன மிச்சம்னு கேள்வி வந்தது. உயிரோட காலை வெட்டுற கொடுமையைப் பத்தியும் கேட்டாங்க. கடைசியில 1987-ல அந்த ஏற்றுமதியையும் நிறுத்தினாங்க.

சட்டம் எல்லாத்தையும் சரி பண்ணிடலை. உடும்பு முதல் அட்டவணையில இருக்கு. புலிக்குக் கிடைக்கிற அதே பாதுகாப்பு. ஆனாலும் "உடும்புக்கறி உடம்புக்கு நல்லது"ன்னு இன்னும் ரகசியமாப் பேரம் நடக்குது. நாம அடிக்கிற மருந்தால வாய்க்கால்ல தவளை சாகுறதுக்கு எந்த அட்டவணையும் கணக்கு வைக்கலை. அதுக்கு நாமதான் பொறுப்பு.

கதை முடியுறதுக்குள்ள சாரை வரப்பு மேல ஏறி எலி வளைப் பக்கம் போயிடுச்சு. பையன் கடப்பாரையைக் கீழே வச்சுட்டு, "நம்ம வயல்ல எத்தனை சாரை இருக்கும் பெரியப்பா?"ன்னு கேட்டான். "அறுப்பு அன்னைக்கு எலி வளையை எண்ணிப் பாரு, தெரிஞ்சிடும்"னேன்.