ஆளில்லாத நேரத்தில் கேட்கப்படும் கேள்வி



இன்றைய வரலாற்றுப் பாடத்தில் மன்னரும் இல்லை, போரும் இல்லை. லினக்ஸ் கணினிகள் ஆள் துணையின்றித் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளப் பழகிய கதை. உங்களில் சிலர் சர்வர்களைக் காக்கும் வேலையில் இருப்பதால் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், கடினமில்லை.

ஒரு மென்பொருள் இயங்க இன்னொன்று வேண்டும், அதற்கு வேறொன்று வேண்டும். தொடக்கத்தில் இவற்றையெல்லாம் தேடிச் சேர்ப்பது மனிதரின் பாடு. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனும், 1995இல் ஆர்பிஎம் முறையைக் கொண்டுவந்த ரெட் ஹாட்டும் மென்பொருளைக் கட்டுச்சோறு போலத் தொகுப்பாகக் கட்டித் தந்தன. எதற்கு எது தேவை என்ற பட்டியலும் அதற்குள்ளேயே இருந்தது. 1999இல் டெபியன் 2.1 வெளியானபோது உடன் வந்த ஆப்ட், தேவையானதைத் தானே தேடிக் கொண்டுவந்தது. ஆர்பிஎம் பக்கம் அந்த வேலையைச் செய்தது யம். அதை வளர்த்த சேத் விடால் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 2013இல் சைக்கிளில் போகும்போது வாகனம் மோதி இறந்துபோனார். அவர் பெயரைக் கேள்விப்படாத எத்தனையோ பேர் அவருடைய கட்டளையை நாள்தோறும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனிதான் சிக்கல். நிறுவும்போது கணினி கேள்வி கேட்கும். நள்ளிரவில் பதில் சொல்ல யார் இருப்பார்கள்? வேலை அப்படியே நின்றுவிடும். விடுப்பில் போகும் ஆசிரியர் மறுநாள் பாடத்துக்குக் குறிப்பு எழுதி வைப்பதில்லையா? அப்படியே பதில்களை முன்கூட்டி எழுதி வைக்கும் வழி பிறந்தது. ரெட் ஹாட்டில் அதன் பெயர் கிக்ஸ்டார்ட், டெபியனில் பிரீசீட்.

நிறுவிய பிறகு அன்றாடம் புதுப்பிக்க, டெபியனிலும் உபுண்டுவிலும் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' வந்தது. ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ஆட்டோமேட்டிக்'. முன்னதில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். நீங்கள் கைவைத்த கோப்பைப் பற்றிக் கேள்வி எழும் என்றால், அந்தத் தொகுப்பைத் தொடாமல் விட்டுவிடும். நீங்கள் சொல்லாமல் கணினியை மறுதொடக்கமும் செய்யாது.

இதற்கெல்லாம் அவசியம் என்ன? 2014 ஏப்ரல் 7இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. சர்வரின் நினைவகத்தில் உள்ளதை எங்கோ இருப்பவர் படித்துவிடலாம், கடவுச்சொல் உட்பட. டெபியன் அன்றே திருத்தம் வெளியிட்டது. திருத்தம் தயாராக இருந்தும் போடாத ஒவ்வொரு நாளும் கதவு திறந்தே கிடந்தது.

மறுபக்கமும் உண்டு. 2024 மார்ச்சில் 'எக்ஸ்இஸட்' என்ற சிறு மென்பொருளின் புதிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவாசல் வைத்திருந்ததை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்தார். உள்நுழைவு வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமானதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்து சேரவில்லை, சோதனைப் பதிப்புகளுக்கு வந்துவிட்டது. புதியதெல்லாம் உடனே வேண்டும் என்றவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே பிள்ளைகளே, பாதுகாப்புத் திருத்தங்களைக் கணினியே போட்டுக்கொள்ளட்டும், மற்ற புதுமைகள் பொறுத்து வரட்டும். இரவில் அது செய்ததைக் காலையில் பதிவேட்டில் பாருங்கள். வேலையை இயந்திரத்திடம் விடலாம், பொறுப்பை விட முடியாது. உங்கள் அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்ப்பவர் யார்? பின்னூட்டத்தில் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்