ஜாக்கெட் என்னும் சொல்: பொருள் வரலாறும் தென் திருவிதாங்கூர் ஆவணங்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ஜாக்கெட் என்னும் சொல் குட்டையான மேற்சட்டையில் தொடங்கி, பொறி, புத்தகம், தோட்டா, கோப்பு எனப் பலவற்றின் மேலுறையைக் குறிக்கும் சொல்லாக விரிந்தது. தமிழில் அது சேலையுடன் பெண்கள் அணியும் தைத்த மேலாடை என்ற ஒரே பொருளில் சுருங்கி நிலைத்தது. தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் தொடர்பான 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களை இன்றைய தமிழ்ப் பொருளை வைத்துப் படிக்கும்போது அவற்றின் கருத்து திரிந்துவிடுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஜாக்கெட், குப்பாயம், தோள்சீலை, திருவிதாங்கூர், பொருள் மாற்றம், ஆடையும் சாதியும்.

முன்னுரை

தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிய பொதுவழக்கு ஒன்று உண்டு. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் அணியும் உரிமை மறுக்கப்பட்டது. அவர்கள் போராடி 1859இல் அவ்வுரிமையைப் பெற்றனர் என்பது அது. மேடைப் பேச்சிலும் நூல்களிலும் வகுப்பறையிலும் இவ்வாறே சொல்லப்படுகிறது. ஆவணங்களின் கால வரிசையை நோக்கினால் ஓர் இடர்ப்பாடு தென்படும். ஜாக்கெட் அணியும் அனுமதி கிறித்தவப் பெண்களுக்கு 1814ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டுவிட்டது. அவ்வாறாயின் அதற்குப் பின் வந்த 45 ஆண்டுக் காலப் பூசல் எதன்பொருட்டு எழுந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன், ஆவணங்களை எழுதியவர்கள் ஜாக்கெட் என்ற சொல்லால் எதைக் குறித்தனர் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

சொல்லின் பிறப்பு

ஜாக்கெட் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு மொழியின் ஜாக்கெத் என்பதிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் கடன் பெறப்பட்டது. ஜாக் என்பது ஒரு குட்டைச் சட்டை. அதனோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து ஜாக்கெத் ஆயிற்று. எனவே சொல்லின் அமைப்பிலேயே சிறுமைப் பொருள் உள்ளது. ஜாக் என்பதன் மூலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மார்புக் கவசத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லொன்றோடு அதனை இணைப்பாரும் உளர். எனினும் ஜாக் என்ற ஆட்பெயரிலிருந்து அது வந்தது என்பதே பெரிதும் ஏற்கப்படும் கருத்து. பிரெஞ்சு உயர்குடியினர் உழவர்களை இகழ்ச்சியாகச் சுட்டிய பொதுப்பெயர் அது. 1358இல் பாரிசுக்கு வடக்கே எழுந்த உழவர் கிளர்ச்சி அப்பெயராலேயே ஜாக்கரி எனப்பட்டது. உழவன் உடுத்திய குட்டைச் சட்டை உழவன் பெயரைப் பெற்றது போலும். அப்பெயர் விவிலிய யாக்கோபின் பிரெஞ்சு வடிவம் என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. பின்னாளில் நாஞ்சில் நாட்டுச் சபைகளில் ஞானஸ்நானப் பெயராக வழங்கிய அதே யாக்கோபுதான்.

ஆங்கிலத்தில் விரிந்த பொருள்கள்

உடலைச் சுற்றி மூடுவது என்ற கருத்தைப் பற்றிக்கொண்டு இச்சொல் ஆங்கிலத்தில் உடையிலிருந்து பிற பொருள்களுக்குப் பரவியது. தோலோடு வெந்த உருளைக்கிழங்கு ஜாக்கெட்டோடு வெந்ததாகச் சொல்லப்படுகிறது. நீராவிப் பொறியின் உருளை சூடு குறையாமலிருக்க அதனைச் சுற்றி மற்றோர் உறை அமைக்கும் கருத்து 1769இல் ஜேம்ஸ் வாட் பெற்ற காப்புரிமையில் இடம்பெற்றது. அவ்வுறை பொறியாளர் வழக்கில் நீராவி ஜாக்கெட் ஆயிற்று. இயந்திரத்தைக் குளிர்விக்க நீர் ஓடும் உறை நீர் ஜாக்கெட். கட்டமைத்த நூலின்மேல் போர்த்தப்படும் தனித்தாளும் ஜாக்கெட்டே. அமெரிக்க அலுவலக வழக்கில் கோப்பின் மேலுறையைக் குறித்த இச்சொல், சிறை வழக்கில் ஒருவருடைய குற்றப் பதிவையே குறிக்கலாயிற்று.

ஈயத் தோட்டாவின்மேல் செம்பு போன்ற உலோகத்தால் இடும் உறைக்கும் இதுவே பெயர். கல்கத்தாவை அடுத்த தம்தம் படைக்கலச் சாலையில் 1890களில் முனைப்பகுதியில் இவ்வுறை இல்லாத தோட்டாக்கள் செய்யப்பட்டன. உடலுள் பாய்ந்ததும் விரிந்து பெருங்காயம் உண்டாக்கும் இவ்வகைத் தோட்டாக்களை 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டின் பிரகடனம் விலக்கியது. தோட்டாவின் உறை அதனை முழுதும் மூடியிருக்கிறதா இல்லையா என்பது அங்கே பன்னாட்டுச் சட்டத்தின் பொருளாயிற்று. மனநோயாளரின் கைகளைக் கட்டிவைக்கும் உடைக்கும், நீரில் மூழ்காமல் காக்கும் உடைக்கும் இச்சொல்லே பயன்படுகிறது. ஒன்று சிறை, மற்றொன்று காப்பு.

கோட்டும் ஜாக்கெட்டும்

மேற்கண்ட பொருள்களை அகராதிகள் வரிசைப்படுத்தித் தருகின்றன. அவ்வரிசையில் எளிதில் புலப்படாத ஒன்று இச்சொல்லின் சமூகத் தரம். 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்தில் கனவான் அணிந்தது கோட்டு. அது நீண்டது, பின்புறம் தொங்கலுடையது. ஜாக்கெட் குட்டையானது, கூலியாள், மாலுமி, சிறுவன் ஆகியோருக்கு உரியது. பாய்மரக் கயிற்றில் ஏறுபவனுக்குத் தொங்கல் இடையூறு. கடற்படை மாலுமிக்கு நீல ஜாக்கெட் என்ற பெயரே அமைந்தது. ஈட்டன் பள்ளியில் வளர்ந்த மாணவர் தொங்கல் கோட்டும், உயரம் குறைந்த சிறுவர் குட்டை ஜாக்கெட்டும் அணிந்தனர். புகைபிடிக்கும் அறைக்கும் இரவு விருந்துக்கும் உரிய ஜாக்கெட்டுகள் கனவான் உடையாக ஏற்றம் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

பெண்ணுடையிலும் இச்சொல் இருந்தது. பாவாடையின்மேல் இடுப்பளவில் அணிந்த தைத்த மேற்சட்டையை 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஜாக்கெட் என்றனர். வேலைக்காரப் பெண்களின் அன்றாட உடை அது. வசதியுள்ள பெண்கள் அதனை வீட்டுடையாகவும் குதிரையேற்ற உடையாகவும் கொண்டனர். லண்டன் மிஷனரி சங்கத்தாரும் கும்பினி அதிகாரிகளும் திருவிதாங்கூருக்கு வந்தபோது அவர்கள் கொண்டுவந்த ஜாக்கெட் என்ற சொல்லில் குட்டை, எளிமை, உழைப்பவர் உடை ஆகிய பொருட்சாயல்கள் இவ்வாறு படிந்திருந்தன.

குப்பாயம் ஜாக்கெட் ஆனது

தைத்த சட்டை தமிழ் மரபில் நெடுங்காலம் பிறருடைய உடையாகவே காட்டப்பட்டது. முல்லைப்பாட்டில் மெய்ப்பை அணிந்தவர் யவனர். சீவக சிந்தாமணியில் குப்பாயம் அணிந்து வருபவன் மிலேச்சன். திருவிதாங்கூரில் குப்பாயம் சிரியன் கிறித்தவரும் சோனகரும் அணிந்த தைத்த சட்டையைக் குறித்தது. சாதிப் படிநிலையின் மொழி தைக்காத துணியில் இருந்தது. துணி எங்கே கட்டப்படுகிறது, முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, தோளில் ஏறுகிறதா, மேலோர்முன் இறக்கப்படுகிறதா என்பனவே அம்மொழியின் இலக்கணம். நாயர் பெண்களும் தம்மினும் மேலானவர்முன் மேலாடையை விலக்குவது மரியாதை எனக் கருதப்பட்டது. அக்கால ஆவணங்களில் சாணார் என்றும் பின்னர் நாடார் என்றும் அறியப்பட்ட சமூகத்தாருக்கு மேலாடை மட்டுமின்றிக் குடை, செருப்பு, பொன்னணி ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன.

மயிலாடியை மையமாகக் கொண்டு 1806 முதல் பணியாற்றிய ரிங்கல்தௌபேயின் காலத்தில் இச்சமூகத்தினர் பலர் கிறித்தவராயினர். ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, பிறநாட்டுக் கிறித்தவப் பெண்களைப் போல இவர்களும் மார்பை மூடலாம் என 1812இல் ஆணையிட்டார். உயர்சாதியினர் எதிர்த்தனர். 1814 மே மாதச் சுற்றறிக்கை அவ்வாணையை வரையறுத்தது: சிரியன் கிறித்தவர், சோனகர் முதலியோர் அணிவது போன்ற குப்பாயம் அணியலாம், நாயர் பெண்களைப் போல மேல்துணி போடலாகாது. ஆங்கில எழுத்துகளில் இக்குப்பாயம் ஜாக்கெட் ஆயிற்று.

இங்கு அரசின் தருக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. குப்பாயம் சாதிப் படிநிலைக்குப் புறம்பானவரின் உடை; அதனை அணிபவள் அப்படிநிலையில் ஒரு படியும் ஏறிவிடுவதில்லை. தோளில் இடும் துணியோ படிநிலைக்கு உள்ளே ஓர் இடத்தைக் கோருவது. ஆதலால் முன்னதை வழங்கிப் பின்னதைக் காப்பது ஆட்சியாளருக்கு இசைவாயிற்று. ஜாக்கெட் இவ்வகையில் ஓர் எல்லைக்கல். மிஷனரிகளும் தொடக்கத்தில் இந்த எல்லையை ஏற்றனர். அவர்களுடைய மனைவியர் தளர்ந்த ஜாக்கெட் ஒன்றை வடிவமைத்துச் சபைப் பெண்களிடையே வழக்கிற்குக் கொண்டுவந்தனர். நாகர்கோவிலில் 1821இல் லேஸ் பின்னலைத் தொடங்கிய மார்த்தா மால்ட் இவர்களுள் ஒருவர்.

பெண்கள் அந்த எல்லையை ஏற்கவில்லை. ஜாக்கெட்டை அணிந்து, அதற்கு மேலே தோள்சீலையையும் இட்டனர். பூசல் இதனாலேயே எழுந்தது. 1822இல் கல்குளம் பகுதியில் பெண்கள் தாக்கப்பட்டனர். மறு ஆண்டு பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறித்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும் கலகம் ஓயவில்லை. 1827க்குப் பின் மீண்டும் மூண்டது. 1829 பிப்ரவரி 3இல் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு விடுத்த அறிவிப்பு, 1814இன் நிலையை உறுதிசெய்தது: குப்பாயம் உண்டு, மேல்துணி இல்லை. ஊழியக் கடமையிலிருந்து விலக்கும் இல்லை என்று அதே அறிவிப்பு கூறியது. ஆடையும் கூலியில்லா உழைப்பும் ஒரே தாளில் இடம்பெற்றது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை.

1858 இறுதியில் பூசல் மூன்றாம் முறை வெடித்தபோது இந்துப் பெண்களும் தோள்சீலை அணிந்திருந்தனர். திவான் மாதவ ராவ் அவ்வாண்டு டிசம்பரில் பழைய ஆணைகளை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டார். பெண்கள் துணி களையப்பட்டு அவமதிக்கப்பட்டனர். ஆலயங்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன், ரெசிடெண்ட் கல்லன் வழியாக அழுத்தம் தந்தார். உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26இல் அறிவிப்பு வெளியிட்டார். கிறித்தவப் பெண்களைப் போல ஜாக்கெட் அணியலாம். எம்மதத்தவராயினும் முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மூடலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அன்று என்பது அதன் சாரம்.

1814இல் சிரியன் கிறித்தவரையும் சோனகரையும் சுட்டி விளக்கப்பட்ட உடை, 1859இல் புதுக் கிறித்தவப் பெண்களின் உடையாகவே சுட்டப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் அவ்வுடைக்கு உரிமையாளர் மாறிவிட்டனர். 1829இல் கிறித்தவருக்கு மட்டும் இருந்த ஜாக்கெட் இப்போது இந்துப் பெண்களுக்கும் திறந்துவிடப்படுகிறது. இவ்விரண்டும் மாற்றங்களே. எனினும் இறுதித் தொடர் அப்படியே நிற்கிறது. ஜாக்கெட்டே போராட்டத்தின் பேறு என எழுதுவது, அரசு வழங்கிய சமரசத்தைப் பெண்கள் கேட்ட உரிமையாகக் கொள்வதாகும். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1968இல் எழுதிய கட்டுரையும் ஆர். என். யேசுதாசின் 1975ஆம் ஆண்டு நூலும் இப்பூசலின் நிகழ்ச்சிகளை விரிவாகத் தந்துள்ளன. அவற்றிலிருந்து தமிழுக்கு மாற்றும்போது குப்பாயம், ஜாக்கெட், மேல்துணி ஆகிய மூன்றும் பல இடங்களில் ஒரே சொல்லாகக் கலந்துவிடுகின்றன. சேலையும் ஜாக்கெட்டும் இணைந்த உடையே பெண்ணுடை என்று பழகிய கண்ணுக்கு, ஜாக்கெட்டைக் கொடுத்துத் தோள்துணியை மறுக்கும் ஆணை விளங்குவது கடினம்.

தமிழில் நிலைத்த பொருள்

இன்றைய தமிழகத் தமிழில் அடைமொழியின்றி ஜாக்கெட் என்றால் சேலைக்குரிய மேற்சட்டை. தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கும் துணி ஜாக்கெட் துணி அல்லது ரவிக்கைத் துணி. ஆங்கிலப் பொருள் வேண்டுமிடத்து லெதர் ஜாக்கெட், லைஃப் ஜாக்கெட், நேரு ஜாக்கெட் என அடைமொழி தேவைப்படுகிறது. ரவிக்கை தெலுங்குத் தொடர்புடைய சொல். அதனை ஜாக்கெட் பேச்சில் பின்தள்ள, ஜாக்கெட்டை இப்போது பிளவுஸ் பின்தள்ளி வருகிறது. மலையாளத்தில் முந்தைய தலைமுறையினர் இதே உடைக்கு ஜம்பர் என்ற மற்றோர் ஆங்கிலச் சொல்லை வழங்கினர். சிரியன் கிறித்தவப் பெண்களின் மேலாடைக்குச் சட்ட என்பதே பெயராக நின்றது. இலங்கை ஆங்கிலத்தில் சிங்களப் பெண்களின் மரபுடையைத் துணியும் ஜாக்கெட்டும் என்ற இணைப்பெயரால் சுட்டுவர். அங்கும் ஜாக்கெட் பெண்ணுடைதான்.

ஆங்கிலத்தில் கோட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு தரம் பற்றியது. தமிழ் அவ்விரு சொற்களையும் கடன் வாங்கி, கோட்டை ஆணுக்கும் ஜாக்கெட்டைப் பெண்ணுக்கும் பிரித்துக் கொடுத்தது. திருமண வரவேற்பில் மணமகன் அணியும் மேலுடையை ஆங்கிலத் தையற்காரர் ஜாக்கெட் என்பார்; நாகர்கோவில் தையற்காரர் அதனைக் கோட்டு என்றே கணக்கில் எழுதுவார். திருவிதாங்கூர் ஆவணங்களை மொழிபெயர்ப்பவர் 1814, 1829 ஆணைகளில் குப்பாயம் என்ற சொல்லை அப்படியே இடுவதும், 1859 அறிவிப்பின் ஆங்கில வடிவத்திலுள்ள ஜாக்கெட்டுக்கு அருகில் அதே சொல்லைக் காட்டுவதும் பொருத்தமாகும். அவ்வாறு செய்யும்போது, அனுமதிக்கப்பட்ட தைத்த சட்டையும் அதன்மேல் பெண்கள் தாமாக இட்டுக்கொண்ட துணியும் படிப்பவர் கண்ணில் தனித்தனியே தெரியும்.