பெயர் மறைந்த விரல்கள்

பாடினவனை உலகம் அறியும். பக்கத்தில் நின்று வாசித்தவனை அறியாது. மேடைக்கு மட்டுமன்று, இசைத்தட்டுக்கும் இது பொருந்தும். தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்தில் எவன் பெயர் அச்சாயிற்றோ அவனே வரலாற்றில் நிலைக்கின்றான். அச்சாகாதவன், தன் விரல்களே அப்பாட்டுக்கு உயிராயிருந்தும், மறக்கப்படுகின்றான். அத்தகைய ஒருவரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஏர்ல் ஹூக்கர்.

அவர் வாசித்தது ‘புளூஸ்’ என்னும் இசை. அமெரிக்கத் தென்னாட்டில் அடிமைத்தளை 1865இல் சட்டத்தால் அறுபட்ட பின்னும், கறுப்பின மக்கள் பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டு, விளைவில் ஒரு பங்கும் தீராக் கடனும் பெற்று உழன்றனர். அவ்வாழ்வின் துயரையும் நகைப்பையும் சொல்லப் பிறந்ததே புளூஸ். முதல் உலகப் போர்க் காலந்தொட்டு அம்மக்களில் இலட்சக்கணக்கானோர் சிக்காகோ முதலிய வடநகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அந்நகர மதுக்கடைகளின் இரைச்சலில் மரக் கித்தாரின் மெல்லொலி எடுபடவில்லை. ஆகவே மின்சாரத்தால் ஒலி பெருக்கும் கித்தாரைக் கலைஞர் கைக்கொண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிக்காகோவில் தழைத்தது இம்மின்சார இசையே.

ஹூக்கர் 1929-30 அளவில் மிஸிஸிப்பி மாநிலத்துப் பருத்தி நாட்டிற் பிறந்து, இளங்குழந்தையாய்ச் சிக்காகோ சேர்ந்தவர். சிறுவனாயிருக்கையிலேயே தெருமுனையில் வாசித்துப் பழகினார். பேச்சில் திக்கல் உடையவர், பாடுவதும் அருமை. வாய் மறுத்ததை விரல் தந்தது என்று சொல்லலாம்.

கோட்டு வாத்தியக்காரர் தந்தியின்மேல் கட்டையை வழுக்கி வாசிப்பதை நம்மவர் அறிவர். புளூஸ் கலைஞர் விரலில் எஃகுக் குழலை மாட்டி அவ்வாறே வாசிப்பர். இதற்கென்று தந்திகளைத் தனிச் சுருதியில் மாற்றிக் கட்டுவதே பெரும்பாலார் வழக்கம். ராபர்ட் நைட்ஹாக் என்பவரிடம் இக்கலையைப் பயின்ற ஹூக்கரோ, தந்திகளை வழக்கமான சுருதியிலேயே வைத்துக்கொண்டு, சிறு குழலொன்றைச் சுண்டுவிரலில் மட்டும் மாட்டி, ஏனைய விரல்களால் தந்தியை அழுத்தியும் வாசித்தார். ஆகவே ஒரே பாட்டில் வழுக்கோசையும் விரலோசையும் மாறி மாறி எழுந்தன. கித்தாரிற் பெரும்புகழ் பெற்ற பி. பி. கிங்கே இவர் திறத்தை வியந்து பேசியதுண்டு.

இவ்வளவு திறம் வாய்ந்தவரின் பெயர் ஏன் பரவவில்லை? 1952 முதல் அவர் தட்டுகளுக்கு வாசித்தார். எனினும் பலவும் சிறு கம்பெனிகளுடையவை. சில பிறர் பாட்டுக்குப் பக்கவாத்தியம். அவரும் ஓரிடத்தில் தங்காது ஊரூராய்த் திரிந்தார். இவை எல்லாவற்றையும் ஒரு நிகழ்ச்சி விளக்கும்.

1961இல் ஹூக்கர் ‘புளூ கிட்டார்’ என்றொரு வாத்திய இசையைப் பதிவு செய்தார். மறு ஆண்டில் செஸ் கம்பெனியார் அவ்வொலிப்பதிவின்மேல் புகழ்பெற்ற பாடகர் மடி வாட்டர்ஸின் குரலை ஏற்றி, ‘யூ ஷுக் மீ’ என்னும் பாட்டாக வெளியிட்டனர். அதனைக் கேட்பவர், பாடகரின் ஒவ்வோர் அடியோடும் ஹூக்கரின் தந்தி தானும் பாடிச் செல்வதைக் காண்பர். தட்டின்மேல் இருந்ததோ மடி வாட்டர்ஸின் பெயர்; பாட்டைப் புனைந்தோராக வில்லி டிக்ஸனும் ஜே. பி. லெனுவாரும் பெயர் பெற்றனர். 1969 ஜனவரியில் ‘லெட் ஸெப்பலின்’ என்னும் இங்கிலாந்து இளைஞர் குழுவினர் அதே பாட்டைத் தம் முதல் தட்டிற் சேர்த்தனர். அத்தட்டு இலட்சக்கணக்கில் விற்றது. ஹூக்கர் அப்பொழுதும் உயிரோடிருந்தார்!

செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குக் கூலியில்லை என்பது தோட்டத்தில் வாழும் நமக்குப் புதிதன்று. இசையுலகில் பெயர் விழாத உழைப்புக்குப் புகழில்லை, வேற்றுமை அவ்வளவே.

இளமையிலேயே பற்றிய காசநோய் அவரை விடவில்லை. 1967இல் நோய் முற்றி, ஏறக்குறைய ஓராண்டு மருத்துவமனையிற் கிடந்தார். வெளிவந்ததும் 1968 நவம்பரில், ஆர்ஹூலி கம்பெனியின் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் அவரைத் தம் பெயரிலேயே ஒரு தட்டுக்கு வாசிக்கச் செய்தார். ‘டூ பக்ஸ் அண்ட் எ ரோச்’ என்பது அதன் பெயர். இரண்டு பூச்சியும் ஒரு கரப்பானும் என்று தம்மை அரித்த காசநோயையே நகையாடி வைத்த பெயர் அது. தம் சாவைத் தாமே எள்ளும் இந்நெஞ்சுரத்தை என்னென்பது! 1969இல் ஐரோப்பா சென்று வாசித்துத் திரும்பியவர், 1970 ஏப்ரல் 21இல், நாற்பது வயதளவில் சிக்காகோவில் மாண்டார்.

2013இல் புளூஸ் கலைஞர்க்குரிய புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அப்பொழுது அவர் இறந்து நாற்பத்து மூன்றாண்டு கழிந்திருந்தது. பெருமை வந்தது நன்றே, பெறுவதற்குரியவர்தாம் இல்லை.

இசை விரும்பும் அன்பர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றே. ஒரு பாட்டு நும் நெஞ்சைத் தொட்டால், பாடியவர் யாரென்று கேட்பதோடு நில்லாது, வாசித்தவர் யாரென்றும் கேளுங்கள். அக்கேள்வியை அவர் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள்.