ஆவணங்களைத் தொலைவிலுள்ள ஆய்வுக் கணினிக்கு அனுப்புவது எப்படி?

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் காலத்துப் பொலிஸ் பதிவுப் படிவம், லொட்ஜ் பற்றுச்சீட்டு, முறைப்பாட்டின் பிரதி என்பன இன்றும் பல வீடுகளின் அலுமாரிகளில் இருக்கின்றன. காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் இருக்கும் கோவைகளோ இன்னும் தடித்தவை.

இவற்றை ஸ்கான் செய்து பல்கலைக்கழகம் ஒன்றிலோ ஆவணக் காப்பகம் ஒன்றிலோ உள்ள கணினிக்கு அனுப்புமாறு ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்னவாகும் என்பதை 1981இல் யாழ். நூலகம் எரிக்கப்பட்டபோது பார்த்துவிட்டோம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இன்று ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகத்துடனும் சேர்ந்து இயங்குகிறது. ஆனால் அச்சிட்டு வெளியான புத்தகத்தை அனுப்புவதும் ஒரு தாயின் வாக்குமூலத்தை அனுப்புவதும் ஒன்றல்ல. நான் இங்கே எழுதுவது இரண்டாவதைப் பற்றி.

வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த திகதி போன்ற உட்தகவல்களும் போய்விடும். சான்றாக வைக்கவேண்டிய படத்துக்கு அது இழப்பு. ஜிமெயிலில் 25 மெகாபைட்டுக்கு மேல் இணைக்க முடியாது. பென்டிரைவ் தொலையும், சோதனையில் அகப்படும்.

ஆய்வுக் கணினிகளோடு இணைய உலகெங்கும் பயன்படும் வழி எஸ்.எஸ்.எச். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அதற்குப் பதிலாகவே அங்கிருந்த தாத்து யூலனன் இதை உருவாக்கினார். அதற்கு முன் கடவுச்சொல் தபால் அட்டையில் எழுதியதைப் போல வழிநெடுகத் திறந்தே போனது. எஸ்.எஸ்.எச். இரு கணினிகளுக்கும் இடையே போவதை மறைகுறியாக்குகிறது. அதே பாதையில் கோப்புகளை அனுப்பும் முறைக்கு எஸ்.எப்.ரி.பி. என்று பெயர். 2018இலிருந்து விண்டோஸ் 10இல் இதற்கான மென்பொருள் கூடவே வருகிறது. கட்டளை தட்டச்சு செய்யத் தயங்குபவர்களுக்கு ஃபைல்ஸில்லா இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் எஸ்.எப்.ரி.பி.யைத் தெரிவுசெய்ய வேண்டும்; பெயரில் ஓரெழுத்து குறைந்த எப்.ரி.பி. பழைய தபால் அட்டைதான்.

முதன்முறை இணையும்போது, "இந்தக் கணினியின் கைரேகை இது, நம்புகிறீர்களா?" என்று திரையில் ஒரு நீண்ட எழுத்துக்கோவை வரும். அநேகமாக எல்லோரும் வாசிக்காமலே 'ஆம்' என்கிறார்கள். முழு ஏற்பாட்டிலும் மிக முக்கியமான இடம் இதுதான் என்பேன். நடுவில் ஒருவர் தன் கணினியை ஆய்வுக் கணினி போலக் காட்டி உங்களை ஏமாற்றலாம். அப்போது நீங்கள் மறைகுறியாக்கி அனுப்புவது அவருக்கே போய்ச் சேரும். ஆகவே அந்தக் கணினியை நிர்வகிப்பவரிடம் கைரேகையை முன்கூட்டியே வேறு வழியில் கேளுங்கள். தொலைபேசியில் அவர் வாசிக்க, நீங்கள் திரையைப் பார்த்து ஒப்பிடுவது நல்லது. இன்னொரு நாள் கைரேகை மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால் நிறுத்திவிடுங்கள். சேர்வரை மாற்றியிருக்கலாம், அப்படியென்றால் அவரே சொல்லட்டும்.

கடவுச்சொல்லைவிடச் சாவிச்சோடி நல்லது. உங்கள் கணினியில் இரண்டு சிறு கோப்புகள் உருவாகும். பொதுச்சாவியை நிர்வாகியிடம் கொடுக்கலாம். அது பூட்டைப் போன்றது. தனிச்சாவி உங்கள் கணினியைவிட்டு வெளியே போகக்கூடாது, அதற்கும் ஒரு நீண்ட கடவுத்தொடர் வைக்கவேண்டும். காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள கொமியூனிகேஷன் கடைகளில் போட்டோக்கொப்பி எடுக்கலாம், ஸ்கான் செய்யலாம் (ஸ்கான் செய்ததை அவர்களின் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லி, முன்னால் நின்று பாருங்கள்). சாவியை மட்டும் அங்கே உருவாக்காதீர்கள்.

இவ்வளவும் பாதைக்கான பாதுகாப்பு. நீங்கள் எந்தக் கணினியோடு இணைகிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியும்; என்ன அனுப்புகிறீர்கள் என்பது தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் இறங்கிய கோப்பை நிர்வாகி திறந்து பார்க்கலாம். இந்தப் பக்கத்தில் உங்கள் மடிக்கணினியை யாராவது எடுத்துச் சென்றால் எஸ்.எஸ்.எச். காப்பாற்றாது. அதனால் வாக்குமூலங்களை அனுப்புவதற்கு முன்பே 7-ஸிப் மென்பொருளில் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுங்கள். 7-இஸட் வடிவத்தைத் தெரிவுசெய்தால் கோப்புப் பெயர்களையும் மறைக்கும் தெரிவு இருக்கும், அதையும் இடுங்கள். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். கோப்புக்குச் சாட்சியின் பெயரோ ஊரோ வேண்டாம், இலக்கம் போதும். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் வேறிடத்தில் இருக்கட்டும். ஆவணம் எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள் என்பதைக் குடும்பத்துக்கு விளக்கிச் சம்மதம் பெறுவதை எந்த மென்பொருளும் செய்யாது.

இணைப்பு பாதியில் அறுந்தால் பயப்படவேண்டாம், ஃபைல்ஸில்லா விட்ட இடத்திலிருந்து தொடரும். முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை எஸ்.எச்.ஏ.-256 காட்டும். ஒரு கோப்பிலிருந்து கணக்கிடப்படும் 64 எழுத்து அடையாளம் அது. 7-ஸிப்பின் வலச்சொடுக்குப் பட்டியலிலேயே கிடைக்கும். இருபக்கமும் ஒன்றாக இருந்தால் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பு பழுதின்றிப் போய்ச் சேரும்; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். மூலக் கோப்போடு யுனிக்கோட்டுக்கு மாற்றிய பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.

மடிக்கணினி தொலைந்தால் அன்றைக்கே நிர்வாகிக்கு அறிவித்து உங்கள் பொதுச்சாவியை நீக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகும் அதையே செய்யுங்கள்.