நூலும் கோணமும்: திருவொற்றியூர்த் தச்சனும் இராயபுரத்து இருப்புப்பாதையும்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். மரத்தின் கோணலைத் தச்சனது நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைக் கல்வி நூல் தீர்க்கும் என நன்னூற் பாயிரம் இரண்டையும் உவமையால் இணைக்கிறது. புலவர் தம் தொழிலுக்கு இலக்கணம் வகுக்கையில் உவமை பெற்றது தச்சரிடத்தே. ஆயினும் புலவர் பெயர்களைப் போற்றிய அளவிற்குத் தச்சர் பெயர்களை நாம் போற்றினோமில்லை.

வடசென்னையில் அத்தகைய பெயரொன்று கல்லில் நிலைத்துள்ளது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் (1012–1044), சதுரானன பண்டிதரின் விருப்பப்படி, திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் விமானத்தைக் கருங்கல்லால் எழுப்பியவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என அக்கோயிற் கல்வெட்டு கூறுகிறது.

அவ்விமானம் தூங்கானை மாட வகையினது. முன்புறம் நேர்ச்சுவர், பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த சுவர். இவ்வடிவைத் தரையில் வரைய முளையும் கயிறும் போதும். பக்கச்சுவர்கள் இரண்டும் இணைகோடுகள். அவை முடியுமிடத்தில் குறுக்கே ஒரு கோடு வரைந்து, அதன் நடுப்புள்ளியில் முளையடித்து, பாதியளவுக் கயிற்றைச் சுழற்றினால் அரைவட்டம் அமையும். ஆனால் அக்குறுக்குக்கோடு சுவர்களுக்குச் செங்கோணத்தில், அதாவது 90 பாகையில், அமைய வேண்டும். சிறிது பிறழினும் நேர்ச்சுவரும் வளைசுவரும் கூடுமிடத்தில் முறிவு தோன்றும். அச்செங்கோணத்தையும் கயிறே தரும்: 3, 4, 5 என்னும் அளவுகளில் முக்கோணம் அமைத்தால் 3க்கும் 4க்கும் இடைப்பட்ட கோணம் செங்கோணமாகும்.

வட்டத்தைத் தொடும் கோடு, தொடுபுள்ளியை அடையும் ஆரத்திற்குச் செங்குத்தாகும் என்பதைக் கிரேக்க அறிஞர் யூக்ளிட் கி.மு. 300 அளவில் நிறுவினார். அவர் ஏட்டில் மெய்ப்பித்த உண்மையைத் தூங்கானை மாடம் எழுப்பிய தச்சர் கல்லில் மெய்ப்பித்தனர்.

எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே உண்மை திருவொற்றியூருக்குத் தெற்கே இராயபுரத்தில் இரும்பில் எழுதப்பட்டது. 1856ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதற் பயணியர் புகைவண்டி அங்கிருந்து வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. 5 அடி 6 அங்குல இடைவெளியில் ஓடிய தண்டவாளங்கள் இணைகோடுகள். நேர்ப்பாதை வளைபாதையைச் சேருமிடத்தில் அவ்விரண்டும் முறிவின்றிப் பொருந்த வேண்டும். பொருந்தாவிடின் வண்டி தடம்புரளும். கோயிலில் அழகுக்கு வேண்டிய நெறி, இங்கே உயிர்க்காப்புக்கு வேண்டியதாயிற்று.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இராயபுர நிலையத்தைத் திறந்துவைத்த ஆளுநர் ஆரிசு பிரபுவை வரலாறு நினைவில் வைத்துள்ளது. சங்கிலி பிடித்து அளந்தவர்களையும் தண்டவாளம் சுமந்தவர்களையும் வைக்கவில்லை. பேரரசன் பெயரோடு தச்சன் பெயரையும் பொறிக்கத் தெரிந்த மண்ணில் நேர்ந்த இழப்பு இது.

கோட்டுக்கு நீளமுண்டு, அகலமில்லை என்பது வடிவியல். ஆனால் மண்ணில் இழுக்கப்படும் ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் நூல் பிடித்த கைகள் உண்டு. திருவொற்றியூரைப் பாடப் புகும் கவிஞர் இறைவன் பெயரோடும் மன்னன் பெயரோடும் இரவியின் பெயரையும் ஒருமுறை சொல்வது தகும். பெயர் எஞ்சாத இராயபுரத்தாருக்கும் அதுவே நினைவாகும்.